கிணறு ஆழம், வாளி இல்லை



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். சமாரியப் பெண்ணோ, கிணறு ஆழமாக இருக்கிறதே, மொள்ள உம்மிடம் ஒன்றும் இல்லையே என்கிறாள். இதற்காக மறையுரைகளில் அவளைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உச்சிவெயிலில் குடம் சுமக்கிறவளுக்கு முதலில் வாளிதான் கண்ணில் படும். ஆண்டவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

தண்ணீர் இருந்தும் மொள்ள வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் அடிபம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் கடைசியில் வறட்சி வாட்டியபோது, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நாடெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். முதல் வாசகத்தில் கேட்டோமே, பாறையிலிருந்து தண்ணீர்; இங்கும் வந்தது. மேலே மாட்டிய பம்புதான் காலை வாரியது. வெளிநாட்டில் ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளும் வார்ப்பிரும்பு பம்பின் நகல் அது. இங்கோ விடிந்தது முதல் இருட்டும் வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. 1974 வாக்கில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்பு ஓடவில்லை. எங்கோ ஓர் ஆணி தேய்ந்ததால், பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பினார்கள்.

இதற்கு வழி கண்டவர்களில் மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறிஸ்தவ மறைப்பணியோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் முக்கியமானவர்கள். (நம் சபையார் அல்லர், அதனால் என்ன?) தேயக்கூடிய மூட்டுகளைக் குறைத்து, கைப்பிடியை ஒரே அச்சில் நிறுத்தினார்கள். அந்த யோசனையிலிருந்துதான் யுனிசெஃப் துணையோடு இந்தியா மார்க் 2 பம்பு உருவானது. 1970களின் நடுவில் அதைச் சோதித்துப் பார்த்தது நம் கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில். சென்னையில் ஓர் அரசு நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த முறை பம்படிக்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்: கைப்பிடியின் முனை வில் போல் வளைந்திருக்கும், அதிலிருந்து ஒரு சங்கிலி கம்பியைப் பிடித்திருக்கும். கைப்பிடி எந்தக் கோணத்தில் போனாலும் கம்பி நேராகவே ஏறி இறங்கும். அதனால் தேய்மானம் குறைவு. கைப்பிடியின் கனமே உள்ளே தொங்கும் கம்பிகளின் பாரத்தை ஈடுகட்டும். சிறுபிள்ளை தொங்கி அடித்தாலும் தண்ணீர் வரும். பிறகு வந்த மார்க் 3இல், குழாய் முழுவதையும் வெளியே இழுக்காமலே உள்ளிருக்கும் வாசரை ஊர்க்காரர்களே மாற்றலாம்.

வரைபலகையில் குனிந்திருந்தவர் இந்தப் பம்பை அடிக்கும் பெண்களில் பெரும்பாலோரைப் பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் அவர்கள் தோள் வலியை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தார். முகம் தெரியாத அயலார்மீது அன்பு என்றால் வேறு என்ன? விடுதலைப்பயண நூல், கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று பெசலேலைச் சொல்கிறது. அவர் குருவல்ல, இறைவாக்கினரும் அல்ல; பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞர். இணைச்சட்டம் இன்னும் கறாராகப் பேசுகிறது: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும், வைக்காமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரர்மேல். அழகாக இருக்கிறதா, மலிவாக முடிந்ததா என்பதெல்லாம் அங்கே இரண்டாம்பட்சம். கொத்தனாரின் அளவுகோலை மோசேயின் சட்டம் பாவ புண்ணியக் கணக்கில் சேர்க்கிறது. நம் பாவசங்கீர்த்தனத்தில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மில் தச்சர்கள் இருக்கிறீர்கள், தையல்காரர்கள், வீடு கட்டுகிற மேஸ்திரிகள், அலுவலகத்தில் படிவம் தயாரிப்பவர்கள் இருக்கிறீர்கள். எழுத்து நுணுக்கி அச்சடித்த படிவமும், எழுந்திருக்கப் பிடிமானம் இல்லாத கழிப்பறையும் யாரோ ஒருவர் யோசிக்காமல் விட்டவைதான். தவக்காலத்தில் இறைச்சி ஒறுக்கிறோம், நல்லது. இந்த யோசனையின்மையையும் ஒறுத்துப் பார்க்கலாம்.

ஓர் அறிவிப்பும் இதோடு சேர்கிறது. கோவில் முகப்புப் படிக்குக் கைப்பிடி வைக்க வியாழக்கிழமை காலை வெல்டர் வருகிறார். என்ன உயரம் என்று பங்குப் பேரவை ஓர் அளவு சொல்லியிருக்கிறது. அதை இன்னும் முடிவாக்கவில்லை. படியேறச் சிரமப்படும் பாட்டிமார், தாத்தாமார், முழங்கால் வலிக்காரர்கள் அன்றைய முதல் திருப்பலி முடிந்ததும் அங்கே இருங்கள். கைப்பிடிக் குழாயைப் பிடித்து ஏறி இறங்கிப் பாருங்கள். கைக்கு வாகான இடத்தில்தான் அவர் பற்றவைப்பார்.