ஏரிமேல் மூடுபனி

புகைப்படம் எடுப்பதால் உயிர்க்கு ஊறு உண்டா? மார்கழி வைகறை ஒன்றில் இவ்வினா நம்மைப் பற்றிக்கொண்டது.

பொன்னூர்மலைக்கு வழிபடச் சென்ற நாம், கதிரவன் எழுமுன் வழியிலிருந்த ஓர் ஏரிக்கரையில் இறங்கினோம். பேரன் காமிரா கொண்டுவந்திருந்தான். மூடுபனி நீர்மேல் முழங்காலளவு பரவிக் கிடந்தது. தெளிந்த இரவில் நிலம் விரைவில் குளிர்கிறது. நீர் மெல்லக் குளிர்கிறது. வெதுவெதுப்பான நீரினின்று எழும் ஆவி, மேலுள்ள குளிர்காற்றைத் தொட்டதும் நுண்துளிகளாகிறது. ஒரு துளியின் குறுக்களவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பனியையும் மூடுபனியையும் நீருடல் கொண்ட ஓரறிவுயிர்களாகவே நம் ஆகமங்கள் எண்ணுகின்றன. அவற்றை அள்ளாமலும் மிதியாமலும் கண்ணால் மட்டும் கொள்வதற்குப் புகைப்படமே ஏற்ற வழி என்று கருதியிருந்தோம்.

அக்கருத்து முன்பே ஒருமுறை ஆட்டம் கண்டதுண்டு. 1871-இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ், ஒளிபடும் வெள்ளி உப்பைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்த ஜெலட்டினைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பின்வந்த பிலிம் சுருளும் அச்சிடும் தாளும் அதனையே நம்பின. ஜெலட்டினோ விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கப்படுவது. பல்லாண்டுகள் மாணவியர்க்கு அகிம்சையைப் போதித்த நாம், நம் வீட்டு ஆல்பத்தில் அது பூசப்பட்டிருப்பதை அறியாதிருந்தோம். அறிந்தபின் ஆல்பத்தை எறிந்தோமா? இல்லை. மறைந்த பெற்றோர் முகம் அதில் இருக்கிறது. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பேரனின் டிஜிட்டல் காமிராவில் பிலிம் இல்லையென்று மனம் அமைதியுற்றது. கரையில் நின்று அவன் எடுத்த முதற்படங்களில் வெண்பனி அழுக்குச் சாம்பலாக விழுந்தது. காமிராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே கருதி அளப்பதால், பனியை எடுக்கும்போது ஒளியைச் சற்றுக் கூட்டவேண்டுமாம். கூட்டினான், வெண்மை வந்தது. அதோடு நில்லாமல் நெருங்கிப் போகக் கோரைக்குள் காலை வைத்தான். "இன்னும் சற்று உள்ளே போ" என்றோம் நாம். பனிக்குள் மறைந்திருந்த நாமக்கோழிகளும் கொக்குகளும் கலைந்தெழுந்தன. அக்கணமே பொத்தான் அழுந்தியது.

அந்தப் படமே எல்லாவற்றினும் அழகானது. சட்டமிட்டு மாட்டுங்கள் என்கின்றனர் உறவினர். ஒரு பறவையும் இறக்கவில்லையே என்பர். உண்மைதான். ஆயினும் இரவெல்லாம் குளிரில் உடற்சூட்டைக் காத்துக் கிடந்த உயிர்கள், இரை கொள்ளுமுன்பே அச்சத்தால் சிறகடித்து அதனைச் செலவிட்டன. உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைக்கிறார். பிரமாதத்துள் ஆசையும் அடங்கும் என்பது உரைமரபு. கோரைக்குள் கால் வைத்தவன் சிறுவன். ஆசைப்பட்டு ஏவியவர் நாம்.

அப்படம் இன்னும் சட்டமேறவில்லை. கரையில் நின்று எடுத்த வெறும்பனிப் படத்தை மாட்டலாமே என்று கேட்டுப்பார்த்தோம். "அதில் ஒன்றுமே இல்லையே, பாட்டி" என்றான் பேரன்.