மகனுக்காக நினைவு சுமந்த தகப்பன்



இன்று நாம் கேட்ட நற்செய்தியில் (மாற்கு 9:14-29) ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் அழைத்து வருகிறார். பையன் தரையில் விழுந்து புரளுகிறான். வாயில் நுரை தள்ளுகிறது. நம் ஊரில் இதை வலிப்பு என்கிறோம், ஃபிட்ஸ் என்கிறோம். குணமாக்கும் முன்பு இயேசு ஒன்று கேட்கிறார்: இவனுக்கு இது எவ்வளவு காலமாக இருக்கிறது? பையனிடம் அல்ல, தகப்பனிடம் கேட்கிறார். நெருப்பில் விழுந்தது, தண்ணீரில் விழுந்தது என்று சிறு வயது முதல் நடந்ததைத் தகப்பன் சொல்கிறார்.

இன்றைக்கும் நரம்பியல் மருத்துவர் இதையேதான் கூட வந்தவரிடம் கேட்கிறார். நினைவு தப்பி விழுந்தவருக்குத் தான் விழுந்தது தெரியாது. பக்கத்தில் இருந்தவர்தான் அதைப் பார்த்து மனதில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தகப்பன் மகனின் உடலோடு அவனுடைய நினைவையும் சுமந்து வந்தார்.

வலிப்பு வராத நாட்களிலும் இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு மறதி உண்டு. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் பதிய வைக்கும் பகுதி, மூளையில் காதுக்கு உட்புறமாக இருக்கிறது. பலருக்கு வலிப்பு புறப்படுவதே அங்கிருந்துதான். சில மாத்திரைகளின் பக்கவிளைவு, தூக்கக்குறைவு, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து மறதியைக் கூட்டும். தேங்காய் மண்டியில் கணக்கு எழுதும்போது கரண்ட் போய்விட்டால் அந்த வரி நோட்டில் ஏறாது. விடிந்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, 'கணக்கு எங்கே?' என்று நோட்டை அடித்து என்ன பயன்? நாமோ அதைத்தான் செய்கிறோம். காலையில் வாங்கிய கொத்தமல்லியை மத்தியானம் மறுபடி வாங்கி வந்து நிற்கிற மருமகளிடம், "இப்பத்தானே சொன்னேன், காது கேக்கலையா?" என்கிறோம். அவருக்குக் காது கேட்டது. கேட்டது மனதில் பதியவில்லை. அது அலட்சியம் அல்ல, சோம்பல் அல்ல; நோயின் வேலை.

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்று ஒருவர் இருந்தார். கடுமையான வலிப்பை நிறுத்த 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இருபுறமும் நினைவு பதியும் பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த ஒருவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னார். மறுநாள் வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை. கை மட்டும் முந்தைய நாளைவிட நேராக வரைந்தது. நம் வீடுகளில் இருக்கும் மறதி அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் அவர் நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறார்: மனம் தவறவிடுவதைப் பழக்கம் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வீட்டில் ஒழுங்கு உண்டாக்குங்கள். சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி. அதைத் தவிர வேறு இடம் வேண்டாம். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை ஞாயிறு பூசை முடிந்ததும் நிரப்புங்கள். 'போட்டேனா, போடவில்லையா' என்ற சந்தேகத்துக்கு அந்த அறை பதில் சொல்லும். மாத்திரை தவறினால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் மறதி கூடும். போனில் அலாரம், சட்டைப்பையில் சின்ன நோட்டு, ஒரு நேரத்தில் ஒரே வேலை. மறதி கூடினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார். வலிப்பு அடங்காதவர்கள் தென்னை ஏற வேண்டாம். மருதாநதி அணையில் தனியாகக் குளிக்க வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்களே, ஒருவர் விழுந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். அந்தத் தகப்பன் அதை மனதில் எழுதி வைத்திருந்தார்.

நற்செய்தி ஆவியைப் பற்றிப் பேசுகிறதே என்று சிலர் மந்திரவாதியிடம் போகிறார்கள். அன்பர்களே, வலிப்பு பேய் அல்ல, பாவத்தின் சம்பளமும் அல்ல. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, செபமும் செய்தார், சிகிச்சையும் செய்தார். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை மறுக்க இடம் தந்த சட்டப் பிரிவுகளை நம் நாடு 1999இலேயே நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட வெட்கத்தை நாம் மட்டும் ஏன் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்?

தாய் மறந்தாலும் தான் மறப்பதில்லை என்று எசாயா வழியாக ஆண்டவர் வாக்களித்தார். மறதியால் துன்பப்படுகிற மகனே, மகளே, நீங்கள் மறந்துபோன நாட்களும் கடவுளிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆண்டவர் நம் எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றிக் கூட்டி, தம் நினைவாகச் செய்யச் சொன்னார். நினைவு ஒருவர் தனியாகச் சுமக்கும் பாரம் அல்ல, திருச்சபை சேர்ந்து சுமப்பது. இயேசு அந்தப் பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான். இந்த வாரம் அப்படி ஒரு கையைப் பிடியுங்கள். பத்தாவது முறை கேட்டாலும், முதல் முறை சொன்ன அதே குரலில் பதில் சொல்லுங்கள். அதற்கான பொறுமையை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.