எனக்கு ஒண்ணும் இல்லே!

கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஜனவரி மாதம். இங்கிலாந்தின் வடக்கே, மரமே இல்லாத ஒரு மொட்டை மலை. ராத்திரி இரண்டு மணி. பனிக்காற்று பக்கவாட்டில் வந்து அறைகிறது. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். மொத்தமாகத் தூங்கியது சில மணி நேரம். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. சாக்லேட் உறையைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள். விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

மனசு மெதுவாகக் கேட்கிறது: ‘போதுமே... நிறுத்திடலாமா?’

என்ன பதில் சொல்வீர்கள்?

‘மார்கழிக் காற்றுக்கே குல்லா மாட்டுகிற ஆள் நான். எனக்கெதுக்கு சார் இந்த வம்பு?’ என்கிறீர்களா? நியாயம்தான். உங்களை ஓடச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது யார் என்பதுதான் என் சந்தேகம்.

இப்படி ஒரு பந்தயம் நிஜமாகவே இருக்கிறது. பெயர் ஸ்பைன் ரேஸ். 2012ல் ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்தில் கிளம்பி, பென்னைன் மலைத்தொடரின் முதுகெலும்பு மேலேயே போய், ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தோம் கிராமத்தில் முடிக்கவேண்டும். 268 மைல். நம் கணக்கில் 431 கிலோமீட்டர். ஏழு நாள் கெடு. நீங்கள் தூங்கினாலும் கடிகாரம் தூங்காது. அந்த மாதத்தில், அந்த ஊரில், ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு இருட்டு.

2019ல் இதை ஒரு பெண் ஜெயித்தார். ஜாஸ்மின் பாரிஸ், கால்நடை டாக்டர். வீட்டில் கைக்குழந்தை. வழியில் இருந்த செக்பாயின்ட்களில் தாய்ப்பாலைக் கறந்து எடுத்துவிட்டு மறுபடி ஓடினார். கடைசிக் கட்டத்தில் பாறைகள் எல்லாம் மிருகங்களாகத் தெரிந்தன என்று பிறகு சொன்னார். 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, பழைய சாதனையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தினார். ஆண்கள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான்.

கேட்டதும் ‘ஆஹா! விடாமுயற்சின்னா இதுதான்யா!’ என்று கை தட்டத் தோன்றுகிறது இல்லையா? தட்டுங்கள். ஆனால், அதே வருடம், அதே பாதையில் இன்னொருவர் இருந்தார். ஸ்பெயினைச் சேர்ந்த யூஜெனி ரோசெல்லோ சோலே. 2013ல் இதே பந்தயத்தை ஜெயித்தவர். அந்த முறையும் முன்னணியில் வந்துகொண்டிருந்தார். நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியாயிற்று. பாக்கி சில மைல்கள்தான். அங்கே உதவி கேட்டு விலகிக்கொண்டார்.

நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘இவ்வளவு தூரம் போயிட்டு... பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடியிருக்கக் கூடாதாடா?’

இங்கேதான் குளிர் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பசியோடு இருக்கும்போது பந்தயத்தை விடுவது பற்றி முடிவு எடுக்க மாட்டார்கள். சூடாக ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடி எழுந்த பிறகு யோசிப்பார்கள். அநேகமாகக் கால் தானாக மறுபடி கிளம்பிவிடும். காரணம், களைத்த மனசு ‘முடியாது’ என்று சொல்வது பாதிக்கு மேல் பொய். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்கள் மனசு சொன்னதே, அதே பொய்.

களைப்பு இப்படி என்றால் குளிர் நேர்மாறு.

நம் உடம்பின் உள்சூடு 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் டாக்டர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நடுக்கம் நல்லது, உடம்பு அடுப்பு மூட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். இன்னும் இறங்கி 32 டிகிரிக்குப் பக்கத்தில் போகும்போது நடுக்கம் நின்றுவிடும். அந்த ஆளைக் கேட்டால், ‘இப்ப பரவாயில்லே’ என்பார்! நாக்கு குழறும், கால் பின்னும், கையில் பிடித்தது நழுவும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். பக்கத்தில் யாராவது இருந்தால் பார்த்த உடனே புரிந்துவிடும். அவருக்கு மட்டும் புரியாது. குளிரில் விறைத்து இறந்தவர்கள் சிலர் சட்டையைக் கழற்றி எறிந்த நிலையில் கிடந்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் அவர்களுக்கு உடம்பு தகித்திருக்கிறது!

ஆக, களைப்பு ‘நிறுத்து’ என்று பொய் சொல்கிறது. குளிர் ‘எனக்கு ஒண்ணும் இல்லே, போ’ என்று பொய் சொல்கிறது. இரண்டாவது பொய்தான் ஆளைக் கொல்வது. ஏனென்றால், முடிவு எடுக்கவேண்டிய மூளைதான் முதலில் விறைத்துப் போகிறது. நீதிபதியே மயங்கிக் கிடக்கும்போது வழக்கை எங்கே கொண்டுபோவது?

‘என் உடம்பு, என் இஷ்டம். எப்போது நிறுத்துவது என்பது என் உரிமை’ என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘நான்’ எந்த நான்? கதகதப்பான அறையில் உட்கார்ந்து, ‘குழந்தைங்க இருக்காங்க, உயிரோட திரும்பணும்’ என்று நினைத்த நானா? மலை உச்சியில் நடுக்கம் நின்றுபோய், ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்கிற நானா? இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே முகம். ஆனால், அன்றைக்கு ராத்திரி அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லை.

பந்தயம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் செக்பாயின்ட்டில் டாக்டர் குழு இருக்கிறது. ஓடுகிறவர் எவ்வளவு கெஞ்சினாலும் ‘நீ போகக்கூடாது’ என்று அவர்கள் நிறுத்தலாம். முதுகுப் பையில் ஒரு கருவி இருக்கும். எங்கோ ஒரு வீட்டில் மனைவியோ அம்மாவோ கம்ப்யூட்டர் திரையில், வரைபடத்தின் மேல் நகரும் அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். புள்ளி ரொம்ப நேரம் நகரவில்லை என்றால் போன் பறக்கும். தனியாக ஓடுகிறார் என்கிறோம். நிஜத்தில் அவர் முழுக்கத் தனியாக இல்லை.

முழுக்கத் தனியாகப் போனால் என்ன ஆகும்?

1909 ஜனவரி 9ம் தேதி. தென்துருவத்துக்கு இன்னும் 180 கிலோமீட்டர்தான். எர்னஸ்ட் ஷாக்கிள்டன் அங்கே நின்று திரும்பிவிட்டார். அப்போது உலகத்தில் யாரும் துருவத்தைத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் சரித்திரத்தில் முதல் ஆள். ஆனால் சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. கூட வந்த மூன்று பேரின் ஒட்டிப்போன முகம் எதிரே இருந்தது. நாலு பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

நூறு வருடத்துக்குப் பிறகு, அந்த ஷாக்கிள்டனையே ஆதர்சமாகக் கொண்ட ஹென்றி வொர்ஸ்லி என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, அன்டார்க்டிகாவைத் தன்னந்தனியாகக் கடக்கக் கிளம்பினார். யார் உதவியும் இல்லை; சாமான் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு பனிச்சறுக்கில் போனார். 71 நாள். சுமார் 1,470 கிலோமீட்டர் தாண்டியாயிற்று. பாக்கி ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை. உடம்பு ஒத்துழைக்க மறுத்து, கூடாரத்திலேயே கிடந்து, கடைசியில் போன் போட்டு உதவி கேட்டார். விமானம் வந்து தூக்கிப்போனது. ஆனாலும், 2016 ஜனவரி 24 அன்று சிலி நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். வயிற்றுக்குள் பரவிய தொற்று.

அவர் செய்தது தப்பு என்று ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதும் எனக்குச் சொல்ல அருகதை கிடையாது. அவரும் நிறுத்தத்தான் செய்தார். ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. ஷாக்கிள்டனுக்கு எதிரே மூன்று முகங்கள் இருந்தன. வொர்ஸ்லி எதிரே வெள்ளைப் பனி மட்டும்தான் இருந்தது. ‘உன் முகமே சரியில்லையே, போதும்ப்பா’ என்று சொல்ல ஆள் இல்லை. ஷாக்கிள்டன் தனியாகப் போயிருந்தால் திரும்பியிருப்பாரா? சொல்ல முடியாது.

சரி, பனி வேண்டாம். நம் பக்கத்துக்கு வருவோம். விடிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். ‘தூக்கமே வரலைங்க’ என்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறவரைக் கேளுங்கள். ‘வெறும் கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்!’ மூழ்குகிற தொழிலில் மனைவியின் வளையலையும் விற்றுப் போடுகிறவர், ‘அடுத்த மாசம் நிமிர்ந்துடும்’ என்பார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நடுக்கம் நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான்.

அதனால் ‘வலிக்குது’ என்று முனகுகிறபோது உங்களைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்பட மாட்டேன். ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். வலிக்கவே இல்லை என்கிற அன்றைக்குத்தான் யாராவது உங்கள் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

அந்த யாராவது யார்? மனைவியா, அண்ணனா, கூட வேலை பார்க்கிற சிநேகிதரா? புத்தி தெளிவாக இருக்கிற இன்றைக்கே தீர்மானியுங்கள். பிறகு அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘என்னைப் பார்த்து நீ நிறுத்துன்னு சொன்னா, நான் எதிர்த்துப் பேசினாலும் விடாதே.’

அன்றைக்கு நீங்கள் நிச்சயமாக எதிர்த்துப் பேசுவீர்கள். அதையும் அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.