கலைமகளிடம் கேட்ட மொழி



நவராத்திரியின் இறுதி மூன்று நாட்களும் வாணியை வணங்கி, சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாடல்களையும் பாடுகிறோம். அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அம்மாலை எதற்காகப் பாடப்பட்டது என்று எம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

பாடியவர் குமரகுருபர சுவாமிகள். 17ஆம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்குக் கொண்டு சென்றனர். அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பர். பின்னர் தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டு, காசிக்குச் சென்றார்.

காசியில் சுவாமிகள் மறுபடியும் ஊமையானார் என்றே சொல்லலாம். சைவ மடம் அமைக்க இடம் வேண்டும். கொடுக்க வேண்டியவர் முகலாய ஆட்சியாளர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்துஸ்தானி தெரியாது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய பெரும் புலவர் அவர். "என் தமிழைக் கேள்" என்று அடம்பிடிக்கவில்லை. கலைமகளைத் தமிழில் பாடி, அயல்மொழியை வரமாகக் கேட்டார். சிங்கத்தின் மீதேறி அவைக்குச் சென்று அம்மொழியிலேயே பேசினார் என்பது மரபு. கேதார கட்டத்தில் மடம் எழுந்தது. அங்கே கம்பராமாயணத்தை இந்துஸ்தானியில் விரித்துரைத்தார் என்றும் சொல்வர். (சிங்கத்தைக் கேட்டதும் பிள்ளைகளின் கண் விரியும். அதை விட்டுவிடாதீர்கள்.)

டண்டினொங் சந்தையில் ஒரு சனிக்கிழமை நடந்தால் எத்தனை மொழிகள் காதில் விழுகின்றன! வியட்நாமியரும் ஆப்கானியரும் சிங்களவரும் எம்மைப் போலவே வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று பேசுகிறார்கள். ஆனால் எம் வீடுகளில் ஊமைகள் இருவர் உண்டு. அம்மம்மா கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டும் பேரப்பிள்ளை ஒருவர். பேரப்பிள்ளை கேட்பதற்குச் சிரிப்பையே பதிலாகத் தரும் அம்மம்மா மற்றவர். முதலாமவரையே நாம் எப்போதும் கடிந்துகொள்கிறோம். "பிள்ளையாருக்கு ஏன் யானைத்தலை?" என்று பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால், "தமிழில் கேள்" என்று அதட்டுவதோடு எம் கடமை முடிந்துவிடுமா? காசிக்குப் போன பெரியவர் தாமே அல்லவா அயல்மொழி பயின்றார்!

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழில்லாத பிள்ளைக்கு அந்த மாலை வெறும் ஓசைதான். எனினும் பொருளை ஆங்கிலத்தில் சொல்லப் பெரியவர்களும் கொஞ்சம் முயலவேண்டும். இம்மடலை இரு மொழிகளில் அச்சிடுவதும் அதற்காகவே.

இவ்வருட வாணிவிழாவில் பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாடலைப் பாடி, அதன் பொருளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஆங்கில எழுத்திலும் அச்சிட்டுக் கும்பத்தருகே வைப்போம். ழகரம் சறுக்கினால் முன்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.