உள்ளே விழுந்த பந்து

எங்கள் டவுன் டென்னிஸ் கிளப்பில் இரண்டே கோர்ட்டுகள். ஒன்றின் ஓரத்தில் சிமெண்ட் வெடித்துப் புல் முளைத்திருக்கும். நான்கு மணிக்கு மழை வந்துவிட்டால், நாங்களே தண்ணீரைத் தள்ளித் துடைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். நடுவர் கிடையாது. பரிசுப் பணம் கிடையாது. இந்தக் கிளப்பில் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸை நடத்துவது நான்தான். நடத்துவது என்றால் வாட்சாப் குழுவில் பெயர் சேர்ப்பது, பந்து டப்பா வாங்குவது, ஸ்கோர் எழுதுவது, சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பது.

முதலில் இப்படி ஒரு ஏற்பாடே இல்லை. வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களோடு ஆடிவிட்டு மாமாக் கடைக்குப் போய்விடுவார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் ஒரு கோர்ட்டைப் பிடித்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரமாட்டார். அதற்காகத்தான் நான்கு பேர் கொண்ட நான்கு குழுக்கள் போட்டேன். குழுவில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை ஜோடி சேர வேண்டும். ஆக மூன்று சுற்று. சுற்றுக்கு ஏழு கேம். டியூஸ் வந்தால் ஒரே பாயிண்ட், அதோடு கேம் முடிந்தது. ஜோடி ஜெயித்த கேம்கள் தனித்தனியாக இருவர் கணக்கிலும் ஏறும். மாதக் கடைசியில் குழுவில் முதலாவது வந்தவர் மேல் குழுவுக்குப் போவார், கடைசியாக வந்தவர் கீழே இறங்குவார்.

இதன் அழகு என்னவென்றால், இந்தச் சுற்றில் எதிரியாக இருப்பவர் அடுத்த சுற்றில் உங்கள் ஜோடி. யாரையும் ரொம்ப நேரம் வெறுக்க முடியாது. 'நட்பு முறைப் போட்டி' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன வருடம் ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று அந்தக் கர்வம் போய்விட்டது.

அன்று இரண்டாவது குழுவில் நான், எங்கள் சார், ஒரு சீன நண்பர், படிவம் நான்கு படிக்கும் ஒரு பெண். சாருக்கு எழுபத்தொரு வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பன்னிரண்டு வயதில் தன்னுடைய பழைய ராக்கெட்டைக் கொடுத்து, இதே கோர்ட்டில் ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு சென் வாங்கியதில்லை. அந்தப் பெண் ஜனவரியில் கடைசிக் குழுவில் சேர்ந்தாள். பக்கத்துத் தாமானிலிருந்து அவள் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விடுவார். ஐந்து மாதத்தில் இரண்டாவது குழுவுக்கு வந்துவிட்டாள்.

கடைசிச் சுற்றில் சாரும் நானும் ஒரு பக்கம். அந்தப் பெண்ணும் சீன நண்பரும் எதிர்ப்பக்கம். மாதக் கணக்கில் அவளும் நானும் சமம். இந்தச் சுற்றில் 3-3. ஏழாவது கேம் டியூஸுக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒரே பாயிண்ட்.

நான் நெட்டருகே நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் பக்கக்கோட்டை ஒட்டி அடித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். கோடு என் கண்ணுக்கு நேராக ஓடியது. பந்து அந்த வெள்ளையின் வெளி விளிம்பில் பட்டுப் போனது. டென்னிஸில் கோட்டைத் தொட்டாலே உள்ளே. சார் கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். விரலைத் தூக்கி, "அவுட்!" என்றார்.

அந்தப் பெண் சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்தேன்.

மேல் குழுவுக்குப் போனது நான். அவள் ஜூலையில் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை.

*

நடுவர் இல்லாத டென்னிஸில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. நெட்டுக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட பால பாடம். டென்னிஸ் அதைத் தலைகீழாக்கி, உன் வழக்கை நீயே விசாரி என்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் போடுகிறது: சந்தேகம் வந்தால் பாயிண்ட் எதிராளிக்கு. பாதி பார்த்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பந்து உள்ளே.

டபுள்ஸுக்கு இன்னொன்றும் உண்டு. நடுவர் இல்லாத ஆட்டங்களுக்காக அமெரிக்க டென்னிஸ் சங்கம் ஒரு கையேடு வைத்திருக்கிறது. ஜோடியில் ஒருவர் 'அவுட்' என்று சொல்லி, மற்றவர் பந்து உள்ளே விழுந்ததைப் பார்த்திருந்தால், அது உள்ளேதான் என்கிறது அது. கோட்டுக்குக் குறுக்கே பார்ப்பவரைவிடக் கோட்டோடு பார்ப்பவரின் கண்ணை அதிகம் நம்பலாம் என்றும் சொல்கிறது. இந்த விதியை நான்தான் குழுவில் தமிழில் எழுதிப் போட்டிருந்தேன்.

சார் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பந்து வெளியே போனதாகத்தான் அவர் கண்டார். சந்தேகத்தைப் பற்றிய விதி, சந்தேகம் வருகிறவரைத்தான் கட்டுப்படுத்தும். ஆசை கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் சந்தேகம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நான். அன்று பந்து உள்ளே விழுந்தது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

*

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் இவை. சாருக்கு வயசாகிவிட்டது. பத்துப் பேர் முன்னால் அவரை எப்படித் திருத்துவது? எனக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. ஒரு பாயிண்ட்தானே, ஃப்ரெண்ட்லி மேட்ச்தானே.

இவற்றைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பெரியவர்களைப் பொது இடத்தில் திருத்தக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாப் பந்துக்கும் சண்டை போட்டு, மற்றவர்கள் வருவதையே நிறுத்தவைத்த ஆட்களையும் இதே கிளப்பில் பார்த்திருக்கிறேன். சரியாக இருப்பது மட்டும் ஒரு கிளப்பை நடத்தாது.

ஆனால் திருக்குறளின் அதிகார வரிசையை ஒருமுறை பாருங்கள். பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பன்னிரண்டாவது நடுவு நிலைமை. பரிமேலழகர் இந்த வரிசைக்கு ஒரு காரணம் சொல்கிறார். நமக்கு உதவி செய்தவரின் நன்றியை நினைக்கும்போதுதான் நடுவுநிலை கெடும். அந்த இடத்திலும் கெடக் கூடாது என்பதற்காகவே நன்றிக்குப் பின்னால் நடுவுநிலை வைக்கப்பட்டது என்கிறார். பள்ளியில் இதைப் படித்தபோது உரையாசிரியர்கள் எதற்காவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நினைத்தேன். எதிரியோடு நியாயமாக நடந்துகொள்வது எளிது, நன்றிக்கடன் பட்டவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தப் பக்கக்கோட்டில்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. நன்றி ஒரு நல்ல போர்வை. அந்தப் பாயிண்டால் மேலே போனது சார் அல்ல, நான். சாருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று நான் எவ்வளவு சொன்னாலும், ஸ்கோர் தாள் வேறு மாதிரிச் சொல்கிறது. இரண்டில் எது உண்மைக் காரணம் என்று எனக்கே தெரியாது. தெரியாததனால்தான் விதி தேவைப்படுகிறது. என் மனதை நான் சரியாகப் படிக்க முடியாதபோது, சந்தேகத்தின் பலனை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிடு என்பது பந்துக்கு மட்டும் சொன்னது இல்லை போல.

*

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தானே என்று கேட்கலாம். நல்லதுதான், விட்டுக்கொடுப்பது என் பொருளாக இருந்தால்.

2005-இல் ரோம் போட்டியில் ஆண்டி ராடிக், ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவோடு ஆடினார். ராடிக்குக்கு மேட்ச் பாயிண்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் அவுட் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆட்டம் முடிந்தது. ராடிக் களிமண் தரையில் பந்தின் தடத்தைக் காட்டி, அது உள்ளே விழுந்தது என்று அவராகவே சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது, கடைசியில் ராடிக் தோற்றார். அவர் கொடுத்தது அவருடைய பாயிண்டை. நான் சாருக்குக் கொடுத்தது யாருடையது? என் மரியாதைக்குப் பில் கட்டியவள் அந்தப் பெண்.

பலவீனமானவருக்குச் சலுகை கொடுப்பதற்கும் டென்னிஸில் பழைய வழி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஹேண்டிகேப் போட்டிகள் சாதாரணம். குறைந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு கேமையும் பதினைந்திலிருந்தோ முப்பதிலிருந்தோ தொடங்குவார். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒப்புக்கொண்டது. அதில் அவமானம் இல்லை. ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் அவருக்காகக் கண்ணை மூடிக்கொள்வது வேறு. இவரால் உண்மையைத் தாங்க முடியாது என்று அவருக்குப் பதிலாக நாம் முடிவு செய்துவிடுகிறோம். அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பது சரியில்லை.

மெஷின் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். விம்பிள்டனே 2025-இல் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டு மின்னணுக் கண்ணை வைத்துவிட்டது. அதே வருடம் பவ்லியுசென்கோவா ஆடிய ஓர் ஆட்டத்தில், கோர்ட்டின் ஒரு பகுதியில் அந்தக் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே விழுந்த பந்துக்குச் சத்தமே வரவில்லை. பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். எல்லோரும் மெஷினை நம்பி நின்றதால், கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஆளில்லை. எங்கள் கிளப்புக்கு மெஷின் வரப்போவதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான்.

*

அக்டோபரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சாரிடம் சொன்னேன். "சார், ஜூன் மாசம் அந்தப் பொண்ணு அடிச்ச கடைசிப் பந்து உள்ள சார். நான் பாத்தேன்."

அவர் ரொம்ப நேரம் கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே ஏன்டா சொல்லல?"

"உங்கள எப்படி சார்…"

"நாலு மாசமா என்னைத் திருடனா ஆட விட்டிருக்கலா நீ."

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து அவரே பேசினார். அவர் பிறந்தது தோட்டத்தில். துரைமார்கள் ஆடும் டென்னிஸ் கோர்ட்டில் புல் வெட்டுவது அவர் அப்பாவின் வேலை. இவர் பந்து பொறுக்கப் போவார். கோட்டுக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பார். "பந்து எங்க விழுந்துச்சுன்னு எல்லாருக்கும் முன்னாடி எனக்குத்தான் தெரியும். ஒருத்தன்கூட என்னைக் கேட்டதில்ல. கேட்டாலும் சொல்ற தைரியம் எனக்கு இருந்திருக்காது. ஒனக்கு என்னடா பயம்? நான் என்ன துரையா?"

அடுத்த வாரம் அவர் கண் டாக்டரைப் பார்த்தார். வலது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் பக்கக்கோட்டுப் பந்துகளுக்கு ஜோடிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அவரே குழுவில் எழுதிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் "உள்ள சார்!" என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. அவர் கையைத் தூக்கிவிட்டு அடுத்த பாயிண்டுக்கு நடந்துபோகிறார். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

நட்புப் போட்டி என்றால் ஸ்கோர் முக்கியமில்லாத போட்டி என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நடுவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில் அந்த வேலையும் நட்பின் தலையில் வந்து விழுகிறது. நண்பனுக்கு எதிராக ஒரு பாயிண்டைச் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் அவனோடு ஜோடி சேர முடிந்தால்தான் அது நட்புப் போட்டி. முடியாவிட்டால், நாம் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு பந்து தட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஜூன் மாத ஸ்கோரைத் திருத்தினேன். என்னை இறக்கி, அவளை மேலே ஏற்றி, காரணத்தையும் குழுவில் எழுதினேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். பந்து உள்ளே விழுந்தது, நான் பார்த்தேன், சொல்லாமல் விட்டேன், மன்னித்துவிடு என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"பரவால்லண்ணா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் இன்னும் திரும்பி வரவில்லை. வேறு எங்கோ பயிற்சிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். முதல் குழுவில் அவள் பெயர் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. அந்தப் 'பரவால்ல'வை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நினைக்கவில்லை. அது எனக்குச் சந்தேகம்தான். சந்தேகம் வந்தால் பாயிண்ட் யாருக்கு என்று விதி இருக்கிறது.