துரைக்குத் தெரியாது

1996-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் கேத்தி லீ கிஃபர்ட் அழுதார். அப்போது நான் பிறந்திருக்கவில்லை. கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம் கழித்து, சிலாங்கூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சி அறையில், ஏர்கோன் அளவுக்கு மீறிக் குளிர்ந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் அவர் பெயரையே கேள்விப்பட்டேன். 'சோஷியல் ஆடிட்' என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் இரண்டாவது ஸ்லைடில் அந்த அம்மாவின் படத்தைப் போட்டார். இவர் அன்றைக்கு அழுததால்தான் இன்றைக்கு நீங்கள் இத்தனை ஃபைல் தயார் பண்ணவேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். கேத்தி லீ அப்போது அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். ரீஜிஸ் ஃபில்பினோடு சேர்ந்து தினமும் காலையில் பேசுவார், தன் பிள்ளைகளைப் பற்றிக் கதை சொல்வார். அவர் பெயரில் வால்மார்ட் கடைகளில் துணிகள் விற்றன. 1996 ஏப்ரல் இறுதியில் சார்ல்ஸ் கெர்னகன் என்ற தொழிலாளர் உரிமைக்காரர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் போய், அந்தத் துணிகளில் ஒரு பகுதியை ஒண்டுராஸ் நாட்டில் சின்னப் பெண்பிள்ளைகள் மணிக்கு 31 சென்ட் கூலிக்குத் தைக்கிறார்கள் என்று சொன்னார். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அந்த விற்பனையில் ஒரு பங்கு நியூயார்க்கில் நோயுற்ற குழந்தைகளுக்கான இல்லங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இல்லங்களுக்குத் தன் சொந்தப் பிள்ளைகளின் பெயரையே வைத்திருந்தார் கேத்தி லீ. ஒரு ஊர்க் குழந்தைகளுக்கு உதவும் பணத்தை இன்னொரு ஊர்க் குழந்தைகள் தைத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

அவர் நிகழ்ச்சியிலேயே பதில் சொன்னார். எனக்குத் திறமை இல்லை என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன், குழந்தைகள் மேல் அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் என்கிற மாதிரி. கண்ணீர் வந்தது. குற்றம் சாட்டியவரைத் தன் வக்கீல் கூப்பிடுவார் என்ற மிரட்டலும் வந்தது. மொத்தத்தில் அவர் சொன்னது ஒன்றுதான்: எனக்குத் தெரியாது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது, நான் அவரை நம்பியதுதான். இன்றைக்கும் நம்புகிறேன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. அவர் பெயரை மட்டும்தான் கொடுத்தார். பெயரை வாங்கிய கம்பெனி ஆர்டரை இன்னொருவருக்குக் கொடுத்தது, அவர் ஒரு குத்தகைக்காரருக்கு, குத்தகைக்காரர் இன்னொரு சின்னக் குத்தகைக்காரருக்கு. லேபிளில் இருக்கும் பெயருக்கும் தையல் மெஷினில் இருக்கும் விரலுக்கும் நடுவில் அத்தனை பேர்.

ஆனால் நான் ஒரு எஞ்சினியர். ஓர் இடத்தில் ஒன்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அதை யாரோ, ஏதோ ஒன்று உற்பத்தி செய்கிறது என்றுதான் என் புத்தி போகும். ஒருவருக்கு வருஷக்கணக்காக ஒரு விஷயம் 'தெரியாமல்' இருக்கிறது என்றால் அது தானாக நடப்பதில்லை. யாரோ வேலை பார்க்கிறார்கள். பிரபலம் ஒருவரின் உதவியாளர் என்றால் நாம் காப்பி வாங்கித் தருபவரை, போன் எடுப்பவரை நினைக்கிறோம். அவருடைய அசல் வேலை சலிப்பது. எது உள்ளே போகலாம், எது வாசலோடு நிற்கவேண்டும் என்று முடிவு பண்ணுவது. நல்ல உதவியாளர் என்று யாரைச் சொல்கிறோம்? மேலே இருப்பவருக்குத் தலைவலி வராமல் பார்த்துக்கொள்பவரை. அந்தத் தலைவலி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நெருக்கடி முற்றியதும் கேத்தி லீ ஹோவர்ட் ரூபன்ஸ்டைன் என்ற பெரிய மக்கள் தொடர்பு ஆளை வேலைக்கு வைத்தார். அது பிறகு வந்த உதவி. நான் கேட்பது அதற்கு முன்னால், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில், அந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஃபைலோடு நின்ற ஆட்களைப் பற்றி. அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அந்த ஆட்களில் ஒருவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பட்டம் வாங்கிய இரண்டாவது வருஷம். என் வேலை லைனில் மெஷின் ஓடிய நேரம், நின்ற நேரம், வந்த எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவில் வைத்திருப்பது. ஐரோப்பாவிலிருந்து வாங்கும் ஒரு பெரிய பிராண்டின் ஆடிட் வரப்போகிறது. நம் நாட்டில் மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. எங்கள் லைனில் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. ஆள்வருகைப் பதிவை மனிதவளப் பிரிவில் ஏற்கனவே சரிக்கட்டிவிட்டார்கள். ஆனால் ஆடிட்டர் முட்டாள் இல்லை. ஆள்வருகையையும் உற்பத்திப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஆளே வராத ஞாயிற்றுக்கிழமையில் நாலாயிரம் பீஸ் எப்படி வந்தது என்று கேட்பார்.

"ரெண்டும் டேலி ஆகணும் தம்பி. அவ்ளோதான்," என்றார் என் மேனேஜர். நல்ல மனிதர். திட்டமாட்டார். இதைச் சொன்னபோதும் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துத்தான் சொன்னார்.

ஒரே இரவில் முடித்தேன். மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை வெள்ளிக்கும் திங்களுக்கும் பிரித்துப்போட்டேன். மெஷின் நின்ற நேரத்தைக் குறைத்தால் மற்ற நாட்களின் எண்ணிக்கையை ஏற்றலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணக்கு சரியாக உட்கார்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. படித்த படிப்புக்கு முதன்முறையாக வேலை கிடைத்த மாதிரி. படிவத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் பெயர். கேத்தி லீக்கு லேபிளில், எனக்கு இந்தக் கட்டத்தில்.

ஒன்று மட்டும் டேலி ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனில் வேலை செய்த நேப்பாளத்துக்காரர் ஒருவருக்கு விரல் நுனி மாட்டிக்கொண்டது. இடது கை ஆள்காட்டி விரல். நகத்தோடு கொஞ்சம் போய்விட்டது. அந்த ஞாயிறு என் பதிவில் இனி இல்லை. ஓடாத மெஷினில் எப்படி விரல் மாட்டும்? விபத்து அறிக்கையில் திங்கள் என்று எழுதினோம். கிளினிக்கில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பார்த்தீர்களா, நானே 'கேட்கவில்லை' என்று எழுதுகிறேன்.

அவர் என்னைவிட மூத்தவர். ஆனால் என்னை 'போஸ்' என்றுதான் கூப்பிடுவார். அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது தேதியைப் பார்த்துவிட்டு, "போஸ், இது ஞாயித்துக்கிழமதானே?" என்று மலாயில் கேட்டார். ஆடிட் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் திங்களே இருக்கட்டும் என்றார். ஓவர்டைமை நிறுத்திவிட்டால் ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய கடனை எப்படி அடைப்பது? அவருக்கு அதுதான் கவலை. பெர்கேசோ இழப்பீடு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அது 2019-லிருந்து உண்டு. மேனேஜர் தன் சொந்தப் பணத்தில் இருநூறு ரிங்கிட்டும் ஒரு பை ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சம்பளம்கூட வேறு ரசீதில் வந்துவிட்டது. ஆக, என் பொய்யால் அவர் ஒரு சென்ட்கூட இழக்கவில்லை.

இங்கேதான் நான் பல மாதம் மாட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய்யில் தப்பு எங்கே இருக்கிறது? பாதிக்கப்பட்டவரே சம்மதித்துவிட்டார். நண்பன் ஒருவனிடம் சொன்னபோது, "நீ உண்மைய சொல்லியிருந்தா அவனுக்குத்தான் நஷ்டம்டா," என்றான். அதுவும் சரிதான். கடனில் இருக்கிறவரின் சம்மதத்துக்கு என்ன விலை என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது அவரைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்துவது. அவர் யோசித்துத்தான் சொன்னார்.

பிறகுதான் வேறு பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தப் பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பதை விட்டு, யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கோ ஐரோப்பாவில் ஒருவருக்கு, என்றைக்காவது ஒரு நிருபர் மைக்கை நீட்டினால் கண்கலங்கி, மனசாட்சியோடு, முழு உண்மையாக 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வசதி கிடைத்தது. அவர் பொய் சொல்லத் தேவையில்லை. அவருக்காக நான் சொல்லிவிட்டேன். நான் அந்த இரவில் உற்பத்தி செய்தது அதைத்தான். தயாரித்தவர் என்ற கட்டத்தில் சரியான பெயர்தான் இருக்கிறது.

எங்கள் பாட்டி தோட்டத்தில் மரம் வெட்டியவர். அவர் கதைகளில் கெட்டவன் எப்போதும் கிராணிதான். பெரட்டுக்கு ரெண்டு நிமிஷம் தாமதமாகப் போனால் செக்ரோலில் பெயரை அடித்துவிடுவானாம். பால் நிறுக்கும்போது குறைத்து எழுதுவானாம். துரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டார். "தொரை நல்லவருப்பா. தீவாளிக்கு லயத்துக்கே வந்து புள்ளைங்களுக்கு முட்டாய் குடுப்பாரு. இந்தக் கிராணிப் பய பண்றது அவருக்கு எங்க தெரியும்?"

சின்ன வயதில் இதைக் கேட்டு நானும் கிராணியை வெறுத்தேன். இப்போது யோசித்தால், துரை மிட்டாயோடு வரமுடிந்ததே கிராணி செக்ரோலோடு நின்றதால்தானே. துரையின் நல்லகுணத்தைக் காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து காப்பாற்றியது கிராணி. பாட்டியின் மொத்தக் கோபமும் அவன்மேல் இறங்கியது, துரைவரைக்கும் போய்ச் சேரவே இல்லை. இதையும் அவனுக்குக் கொடுத்த சம்பளத்தில் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். வெயிலில் நிற்காத வேலைக்குப் போ என்று சொல்லிச் சொல்லி வீட்டில் என்னைப் படிக்கவைத்தார்கள். போனேன். ஏர்கோன் அறையில் உட்கார்ந்து செக்ரோல் திருத்தினேன்.

கேத்தி லீ கதையில் என்னால் மறக்கமுடியாத காட்சி இன்னொன்று உண்டு. அதே மே மாதத்தில், அவர் பெயரில் துணி தைத்த இன்னொரு பட்டறை நியூயார்க் நகரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி. அவர் கணவர் ஃபிராங்க் கிஃபர்ட், பழைய கால்பந்து நட்சத்திரம், நேரே அங்கே போய் ஆளுக்கு 300 டாலர் ரொக்கமாகக் கொடுத்தார். கேமராக்கள் இருந்தன. இதைக் கேலி பண்ணாதவர்கள் குறைவு. நானும் முதலில் சிரித்தேன். பிறகு மேனேஜரின் ஆரஞ்சுப் பழம் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். கை நிறையக் கொடுக்கத் தெரிந்த அவருக்கு, கொடுக்கவேண்டியதைத் தேதியோடு எழுதிக் கொடுக்கத்தான் வழியில்லாமல் போய்விட்டது. முந்நூறு டாலருக்கு யாரும் ரசீது கேட்கவில்லை. சம்பளத்துக்கு ரசீது வேண்டும், அதில் நாள் இருக்கும், மணி இருக்கும்.

நியாயமாகச் சொன்னால் கேத்தி லீ அதோடு நிற்கவில்லை. அந்தக் கோடையில் ஒண்டுராஸிலிருந்து வந்த ஒரு பதினைந்து வயதுத் தையல் தொழிலாளியை நியூயார்க் கார்டினல் இல்லத்தில் நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட்டில் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் ஆடைக் கம்பெனிகளைக் கூட்டியபோது பக்கத்தில் நின்றார். அதிலிருந்து 1999-ல் ஃபேர் லேபர் அசோசியேஷன் வந்தது. விதிமுறை, சரிபார்ப்புப் பட்டியல், ஆடிட், எல்லாம் அந்த வழியாகப் பெருகி ஷா ஆலத்துக்கும் ஜொகூருக்கும் வந்துசேர்ந்தன. வந்ததால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை டோப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. வெளியே இருந்து யாரோ கேட்டதால் நடந்தது.

அதே சமயம், 2021 நவம்பரில் டைசன் தனக்குப் பொருள் செய்துகொடுத்த ஜொகூர் கம்பெனி ஏடிஏ-வுடன் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்ததையும் பார்த்தோம். தெரிந்த பிறகு ஒரு பெரிய பெயருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது: அங்கேயே நின்று சரி பண்ணுவது, இல்லை கிளம்பிப்போவது. கிளம்பிப்போனால் பெயர் சுத்தமாகிவிடும், லைனில் நின்றவர் அங்கேயே இருப்பார், வேலை இல்லாமல். மேலே போகும் ஒவ்வொரு உண்மைக்கும் இந்த ஆபத்து உண்டு. கீழே இருப்பவர் திங்கள் என்றே இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். உண்மை தெரிந்தால் கிளம்பிவிடுகிற துரைக்கு யார்தான் உண்மையைச் சொல்வார்கள்?

இது என் கையெழுத்துக்குச் சமாதானம் இல்லை. அந்த ராத்திரி நான் அவர் கடனை நினைத்து எக்செல்லைத் திறக்கவில்லை. என் ஆறுமாதக் கன்ஃபர்மேஷனை நினைத்துத்தான் திறந்தேன்.

அந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சம்பளம் கூடக் கிடைத்தது. அவரும் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். போன தீபாவளிக்கு, அவர்களுக்குத் திகார், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகளைத் தூக்கிவைத்திருக்கிறார். நெற்றியில் ஏழு நிறப் பொட்டு. நான் படத்தைப் பெரிதாக்கி விரலைத்தான் தேடினேன். மகளின் முதுகில் இருந்தது, நகம் பாதிதான் வளர்ந்திருக்கிறது.

வாழ்த்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, எதற்கென்று தெரியவில்லை, மலாயில் இன்னொரு வரி எழுதினேன். "அன்னிக்கு ஞாயித்துக்கிழம."

இரண்டு நீலக் கோடு வந்தது. பிறகு பதில்.

"தெரியும், போஸ்."