மெய்க்கீர்த்தியில் இல்லாதவர்கள்

டெல்லி ஆர்.கே.புரத்து மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட்டு வெளியே வரும் தமிழர் கண்ணுக்கு, அந்தச் சோழர் பாணிக் கோயில் ஊர் நினைவைத் தரும். கூடவே ஒரு பெருமிதமும் வரும்: கங்கை வரை வென்றவர்கள் நம்மவர்கள். அந்த ‘நம்’ எதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது?

கங்கை வரை வென்ற ராஜேந்திர சோழனின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகளையும் பறித்த முடிகளையும் அடுக்கிக்கொண்டே போகிறது. ஈழத்து அரசர் முடியும் அதில் உண்டு. அதை இழந்த ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டில் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தே மாண்டான். 1007ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கல்வெட்டு இன்னும் கடுமையானது. இளவரசன் ராஜேந்திரன் ஒன்பது லட்சம் பேரோடு வந்து, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான் என்கிறது அந்தச் சாளுக்கியக் கல். ஒன்பது லட்சம் நம்பும்படியான எண்ணல்ல. பகைவர் வாக்கு வேறு. ஆனால் பகைவர் கல் மிகையென்றால் நம் கல் மட்டும் சரியான எடையா?

அந்தக் காலத்துப் போர்முறை அதுதான் என்பார்கள். அந்தக் காலத்தவர்தானே அதைக் கொடுமை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்!

தெய்வத்தைத் துணைக்கு அழைப்பது அடுத்த வாதம். சேர பாண்டியரை வென்று எடுத்த செல்வத்திலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்ததை ராஜராஜன் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதினான். கி.மு. 701இல் யூதாவின் 46 அரண் நகரங்களைப் பிடித்த அசீரிய மன்னன் சனகெரிப்பும் தன் வெற்றியைத் தன் தெய்வத்தின் பேரில்தான் எழுதினான். விவிலியத்தின் ஏசாயா ஒரு படி மேலே போகிறார்: அசீரியன் கடவுளின் கைக்கோல்தான், ஆனாலும் அவன் ஆணவத்துக்குத் தண்டனை தப்பாது. தன் மக்களை அடித்த கோலைப் பற்றி இப்படி யோசிக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

முன்னோர் செய்ததற்கு இன்றைய பேரன் குற்றவாளியல்ல. சரி, அப்படியானால் கங்கை கொண்டதும் அவன் சாதனையல்ல. கொண்டோம் என்று தன்மைப் பன்மையில் பேசுகிறவர், ஹொட்டூரிலும் அதே பன்மையில்தான் பேச வேண்டும்.

சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் யூதாவின் லாகீஸ் நகரின் வீழ்ச்சியைச் செதுக்க வைத்தான். அந்தப் பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டியில் ஊரைவிட்டுப் போகும் பெண்களும் குழந்தைகளும் அவற்றில் தெரிகிறார்கள். தன் புகழுக்காகத்தான் செதுக்கினான். இருந்தும் அவர்களுக்கு ஒரு முகம் மிஞ்சியது. மெய்க்கீர்த்தியில் முடியிழந்த மன்னர்கள் இருக்கிறார்கள்; வண்டியேறியவர்கள் இல்லை.